தேத்தண்ணி நேரத்தை மாற்றிப் பாருங்கள்: மலையக விளையாட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டில் பிழை பிடிக்கும் வழிமுறை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலை அணிகளிலும் தோட்டக் கழகங்களிலும் சாப்பாட்டால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தட்டில் இருப்பது மோசமில்லை. எது எதனோடு, எத்தனை மணிக்கு வயிற்றுக்குள் போகிறது என்பதில்தான் சிக்கல். அதனால் காசு செலவில்லாத திருத்தத்தை முதலில் செய்து பாருங்கள். குளிசை, இரத்தப் பரிசோதனை, டின்னில் வரும் புரதமா எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை மூன்று நாள் பதிவு. இரண்டு பயிற்சி நாள், ஒரு ஓய்வு நாள். நேரம், சாப்பிட்டது, அளவு (ரொட்டி எத்தனை, சோறு எத்தனை கோப்பை), குடித்தது என்று எழுதச் சொல்லுங்கள். தேத்தண்ணியை எழுத மறந்துவிடுவார்கள். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

பதிவில் சாப்பாடே குறைவாக இருந்தால், அல்லது உடல் எடை மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டு வந்தால், சேர்க்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் அளவைக் கூட்டுங்கள்.

## அறிகுறி 1: வழக்கமான தூரத்துக்கே மூச்சு வாங்குகிறது, ஓட்ட நேரம் கூடிக்கொண்டே போகிறது

ஒரு நாள் களைப்பைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று கிழமையாக ஏற்றத்தில் கால் எழவில்லை, 1500 மீற்றருக்கு எடுக்கும் நேரம் கூடுகிறது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறியிருக்கிறது, லயத்துப் படியேறும்போதே நெஞ்சு படபடக்கிறது. தூக்கக் குறைவா, அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் இரும்புச்சத்தைச் சந்தேகியுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளில் இந்தச் சந்தேகம் இன்னும் முன்கூட்டியே வர வேண்டும். உயரமான இடத்தில் உடம்பு கூடுதல் சிவப்பணு செய்ய முயல்வதால் இரும்பின் தேவையும் கொஞ்சம் கூடும்.

### 1அ. ரொட்டியோடு பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி) குடிக்கிறாரா?

பத்துக்கு எட்டுப் பதிவில் முதலில் கண்ணில் படுவது இதுதான். பருப்பு, கீரை, மா இவற்றிலுள்ள இரும்பு இயல்பாகவே உடம்பில் இலகுவாகச் சேராது. அதே வேளையில் தேயிலைச் சாயமும் போனால், சேர வேண்டியதில் நூற்றுக்கு 60க்கும் மேல் தடைப்படலாம். தூளைக் கொதிக்கவிட்டு இறக்கிய கடும் சாயம் என்றால் தடை இன்னும் கூடும். பால் ஊற்றினால் தடை நீங்கும் என்பது தவறு, நீங்காது. கோப்பி சற்றுக் குறைவாகத் தடுக்கும். கொக்கோ சேர்ந்த பானமும் தடுக்கும். பெப்பர்மின்ட் போன்ற மூலிகைத் தேத்தண்ணிக்கும் விதிவிலக்கில்லை.

தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லாதீர்கள். தேயிலை மலையில் அதை யாரும் கேட்கப்போவதில்லை, அவசியமும் இல்லை. நேரத்தை மட்டும் நகர்த்துங்கள்.

1. சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் சாயம் வேண்டாம்.
2. விடிகாலையில் எழும்பியதும் குடிக்கும் வெறும் பிளேன்டி பிரச்சினையில்லை. 4.30க்குக் குடித்துவிட்டு 6 மணிக்கு ரொட்டி சாப்பிட்டால் இடைவெளி போதும்.
3. குளிருக்குத் தொண்டையில் சூடாக ஏதாவது இறங்க வேண்டும் என்றால், ரொட்டியோடு இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணீரும் சீனியும்.
4. பத்து மணித் தேத்தண்ணியோடு பிஸ்கட் சாப்பிடலாம். பருப்பும் கீரையும் உள்ள சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள்.

### 1ஆ. தட்டில் பச்சையாக ஏதாவது இருக்கிறதா?

விற்றமின் சி அதே வேளையில், அதே வாயில் போனால் பருப்பு, கீரை இரும்பு இரண்டு மூன்று மடங்கு வரை கூடச் சேரலாம். காலையில் பருப்பும் பின்னேரம் கொய்யாவும் சாப்பிட்டால் அந்தப் பலன் கிடையாது. ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்லது.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். பருப்பில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் எல்லாம் சரி என்று சொல்வார்கள். அரைத் தேசிக்காயில் 5 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். பிழியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம். சின்னக் கொய்யாவில் பாதியே போதும். நெல்லிக்காய் அதைவிடக் கூடுதல். 100 கிராம் பப்பாசியில் சுமார் 60, பச்சைக் கோவாவில் 35 அளவில். கோவாவை மெல்லியதாக அரிந்து, உப்பும் தேசிக்காயும் போட்டுச் சம்பலாக்கினால் எண்ணும்படி ஏதாவது கிடைக்கும். அதே கோவாவை நீண்ட நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

ரொட்டிக்குச் சம்பல் அரைப்பவர்களுக்கு: காய்ந்த மிளகாய்க்குப் பதில் பச்சை மிளகாய் போடுங்கள். பச்சை மிளகாயில் விற்றமின் சி நிறைய. இரண்டு மிளகாய் வயிற்றுக்குள் போனால் 20 மில்லிகிராம் அளவு சேரும். காய வைத்ததில் பெரும்பகுதி அழிந்துவிடும். தேசிக்காயை எப்போதும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

மீன், இறைச்சி சாப்பிடுகிற வீடு என்றால் வழி இன்னும் இலகு. அவற்றின் இரும்பு நன்றாகச் சேர்வதோடு, பக்கத்திலிருக்கும் பருப்பின் இரும்பையும் கூட்டி இழுத்துப் போகும். நெத்தலிக் கருவாடு, டின்மீன், கோழி எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் முழுக்கோழி வெட்டுவதைவிட, தினமும் கொஞ்சம் நெத்தலி பருப்போடு போவது இந்த வேலைக்கு உகந்தது.

### 1இ. பருப்பும் பயறும் ஊறுகின்றனவா?

பயறு, கௌப்பி, கடலை, குரக்கன் இவற்றிலுள்ள பைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் அதைக் குறைக்கும். மூன்றுமே மலைக்குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். சமையல் குறிப்புகளில் வரும் நேரம் கொழும்புக் கணக்கு.

பயறு, கடலையை 8 மணி நேரம் என்று எழுதியிருந்தால் இங்கே 12 மணி நேரம் ஊறவையுங்கள். முதல் தண்ணீரை இளஞ்சூடாக ஊற்றுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பாசிப்பயறு தாழ்நிலத்தில் ஒரே நாளில் முளைவிடும். நுவரெலியாவில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஈரத்துணியில் கட்டி அடுப்பு மேடைக்கு அருகில் வையுங்கள், நாளுக்கு இரண்டு தடவை அலசுங்கள். வழவழப்போ கெட்ட மணமோ வந்தால் எறிந்துவிடுங்கள். முளைவிட்டதையும் வேகவைத்தே கொடுங்கள்.

தோசை மாவும் அப்படியே. ஓர் இரவில் பொங்காத மாவைச் சுட்டால் தோசை வரும். புளித்ததால் கிடைக்கும் பலன் வராது. மாவு பொங்கி, புளிப்பு மணம் வரும்வரை பொறுங்கள்.

### 1ஈ. பால், முட்டை, கல்சியம் அதே வேளையிலா?

ஒரு பெரிய கோப்பைப் பாலிலோ கல்சியம் குளிசையிலோ 300 மில்லிகிராம் கல்சியம் இருந்தால், அந்த வேளை இரும்பு கணிசமாகக் குறையும். பாலைப் படுக்கும் நேரத்துக்கு நகர்த்துங்கள். தேத்தண்ணியில் போடும் இரண்டு தேக்கரண்டி பால்மா இதில் பெரிய கணக்கில்லை. அங்கே குற்றவாளி சாயம்தான். முட்டையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதற்காக முட்டையை எடுத்துவிடாதீர்கள், புரதத்துக்கு அது வேண்டும். கொய்யாவோடு கொடுங்கள்.

### 1உ. கடைசியாகப் புழு மருந்து எப்போது?

கொக்கிப்புழு இருந்தால் மேலே சொன்ன எல்லாத் திருத்தமும் ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர்தான். கொழுந்து மலையிலும் தோட்டத்து மண்ணிலும் வெறுங்காலோடு நடப்பவர்களில் இதைத் தவறாமல் கேளுங்கள். நினைவில்லை என்றால் தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

### 1ஊ. இரத்தப் பரிசோதனை

நான்கு கிழமை திருத்தியும் மாற்றம் தெரியவில்லை என்றால், அல்லது தொடக்கத்திலேயே வெளிறலும் படபடப்பும் சேர்ந்திருந்தால், முழு இரத்தக் கணக்கையும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டினையும் பாருங்கள். கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் போக வேண்டாம். ஒரு நாள் ஓய்வு விட்டு, தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். காய்ச்சல், தடிமன் இருந்தால் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் அப்போது பெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். பெரிட்டின் எல்லா இடத்திலும் செய்வதில்லை, போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையை வாசிக்கும்போது உயரத்தை மறக்காதீர்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம் என்பது கடல்மட்டக் கணக்கு. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளர்ந்தவருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1 கிராம் கூட. ஆகவே அங்கே ஓடும் பெண்பிள்ளைக்கு 12.4 வந்து, தாளில் 'சாதாரணம்' என்று அச்சாகியிருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரிட்டின் 35க்குக் கீழே இருந்தால் விளையாட்டு வீரர்களில் இருப்பு குறைகிறது என்று பொருள்; 15க்குக் கீழ் என்றால் இருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் கொய்யாவும் கருவாடும் மட்டும் போதாது.

### 1எ. குளிசை போட்டும் ஏறவில்லை

கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதனோடு விழுங்கினீர்கள்? பிளேன்டியோடு என்ற பதில் அடிக்கடி வரும். வெறும் தண்ணீரோடு, முடிந்தால் கொய்யாத் துண்டோடு, காலையில் போட வேண்டும். கல்சியம் குளிசைக்கும் வயிற்றெரிவு மருந்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது பயிற்சி நேரம். கடும் ஓட்டம் முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் உடம்பே இரும்பின் வாசலைச் சாத்திக்கொள்ளும் ஹோர்மோன் ஒன்று உச்சத்தில் இருக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பயிற்சி செய்து, இரவு 8க்குக் குளிசை போடுவதுதான் மிக மோசமான நேரம். காலைப் பயிற்சி என்றால் முடிந்த அரை மணி நேரத்துக்குள், பின்னேரப் பயிற்சி என்றால் அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். வயிறு பிரட்டுகிறது, மலச்சிக்கல் என்று நிறுத்திவிட்டவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று வைத்தியரைக் கேட்கட்டும். பலருக்கு அது ஒத்துவரும். ஒவ்வொரு தடவையும் சேரும் பங்கும் கூடும். மலம் கறுப்பாகப் போவது குளிசையால் வரும் சாதாரண மாற்றம்.

ஹீமோகுளோபினும் குறைவு, சிவப்பணுவின் பருமனும் (MCV) சிறிது, ஆனால் பெரிட்டின் நன்றாக இருக்கிறது என்றால் குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். தலசீமியாக் கூறு என்ற பரம்பரை இரத்தக் குறை இலங்கையில் அரிதல்ல. அதற்கு இரும்பு மருந்தல்ல. யாரோ கொடுத்த மீதிக் குளிசையை மாதக்கணக்கில் போட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

### இங்கே நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டியது

ஓய்விலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம்: அன்றே. குளிசை போடாமலே மலம் தார் போலக் கறுப்பு, அல்லது இரத்தம்: அன்றே. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறது, துணி மாற்றி முடியவில்லை: இந்த வாரத்துக்குள். முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து நுவரெலியா, டிக்கோயா, பதுளை எது அருகிலோ அங்கே. மூன்று நாள் பதிவையும் கையோடு கொண்டுபோங்கள்.

## அறிகுறி 2: ஓடும்போது வயிறு உப்புசம், பிடிப்பு, மலசலகூடத்துக்கு ஓட்டம்

ஓட்டத்துக்கு முன் என்ன, எத்தனை மணிக்கு? தேங்காய் ரொட்டி, தேங்காய்ப்பால் கறி, பொரியல் இவை வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் என்றால் பரவாயில்லை. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வாழைப்பழம், பாணும் ஜாமும், அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாளில் நாம் புகழும் பயறும் கீரையும் போட்டி நாள் காலையில் வேண்டாம். நார்ச்சத்து அன்று எதிரி.

பருப்பு வெந்ததா? நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று இறக்கிய கடலையும் கௌப்பியும் உள்ளே அரைவேக்காடு. பிரஷர் குக்கர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் நன்றாக ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவையுங்கள். காய்ந்த சிவப்புப் போஞ்சி விதையில் இது வெறும் உப்புச விடயமில்லை. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடும் வாந்தி, வயிற்றோட்டம் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, துள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைக்கத் தொடங்க வேண்டும்.

பாலா? ஐந்து நாள் பாலையும் பால்மாவையும் முற்றாக நிறுத்துங்கள். சரியானால், பிறகு அரைக் கோப்பையோடு திரும்பத் தொடங்கி எந்த அளவில் வயிறு தடுமாறுகிறது என்று பாருங்கள். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

பானமா? ஓட்டத்தின் நடுவே கடும் இனிப்புப் பானம் வயிற்றில் தண்ணீரை இழுத்துக் கலக்கிவிடும். சோடாவைத் தவிருங்கள். பானம் செய்யும் அளவு அறிகுறி 3இல் இருக்கிறது.

எடை குறைவோடு வயிற்றோட்டம் இரண்டு கிழமைக்கு மேல், மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுவலி: வைத்தியர்.

## அறிகுறி 3: முதல் பாதி நன்றாக ஓடுகிறார், இரண்டாம் பாதியில் கால் கல்லாகிறது

மூச்சு பரவாயில்லை, காலில்தான் சக்தி இல்லை என்றால் இரும்பைத் தேடுமுன் மாச்சத்தை எண்ணுங்கள். தினமும் ஒரு மணி நேரம் உழைக்கும் வீரருக்கு ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம். 50 கிலோ பிள்ளைக்கு 250 முதல் 350 கிராம். ஒரு கோப்பைச் சோறு 45 கிராம் அளவு, 50 கிராம் கோதுமை மாவில் தட்டிய ரொட்டி 37 கிராம் அளவு. கூட்டிப் பாருங்கள், காலை இரண்டு ரொட்டி, பகல் ஒரு கோப்பைச் சோறு, இரவு ஒரு கோப்பை என்றால் பாதிதான் வந்திருக்கும்.

காலைப் பாடசாலை, பின்னேரம் பயிற்சி என்ற ஒழுங்கில் ஓட்டை விழுவது பகல் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவில். 2.30க்கு இரண்டு வாழைப்பழமோ அவித்த வத்தாளங்கிழங்கோ வையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சிக்கு: 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், மட்டமாக 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, சுவைக்குத் தேசிக்காய். சீனியைக் கூட்டினால் சக்தி கூடும் என்று நினைக்க வேண்டாம், அறிகுறி 2க்குத்தான் திரும்பிப் போவீர்கள். மணிக்கு அரை லீற்றர் தொடங்கி, தாகத்தைப் பார்த்துக் கூட்டலாம்.

அளவு சரியாகியும் இரண்டு கிழமையில் மாறவில்லை என்றால் அறிகுறி 1இன் பரிசோதனைக்குப் போங்கள். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் சீனி அளவை உடனே பார்க்க வேண்டும்.

## அறிகுறி 4: தசைவலி மூன்றாம் நாளும் விடவில்லை, பலம் கூடவில்லை

இரண்டு ரொட்டியில் 10 கிராம் புரதம் உண்டு, ஆனால் அது முழுமையில்லாத புரதம். கோதுமையிலும் அரிசியிலும் லைசின் என்ற புரதக் கூறு குறைவு; பருப்பில் அது தாராளம், பருப்பில் குறைவானது தானியத்தில் உண்டு. சோறும் பருப்பும், ரொட்டியும் கடலையும், இடியப்பமும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் என்றால் அந்த நிரப்பல் நடக்காது.

நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம் வரை இலக்கு. 50 கிலோ என்றால் மூன்று வேளையில் வேளைக்கு 20 கிராமாவது. கைக்கணக்கு: 50 கிராம் காய்ந்த மைசூர் பருப்பு 12 கிராம், இரண்டு முட்டை 12 கிராம், 30 கிராம் நெத்தலிக் கருவாடு 18 கிராம் அளவு. கருவாட்டை இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும். சோயா மீற் மலிவானது, புரதமும் நல்லது. இரும்புக்காக அதை நம்பவேண்டாம், பைட்டேட் உள்ளது.

இரவில் மொத்தமாகச் சாப்பிட்டு, காலையிலும் பகலிலும் வெறும் மாவோடு ஓட்டுவதுதான் இங்கே வழக்கமான பிழை. மூன்று வேளைக்கும் பிரியுங்கள். புரதமா டின் வாங்கும் யோசனை இதற்குப் பிறகு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது.

சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போய், தசை வீங்கி வலித்தால் இது சாப்பாட்டு விடயமில்லை. அன்றே ஆஸ்பத்திரி.

## அறிகுறி 5: முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வலி

தேயிலை மலையின் இறக்கத்தில் ஓடுவதும் தேய்ந்த சப்பாத்தும் முதல் சந்தேக நபர்கள். சப்பாத்தைப் புரட்டிப் பாருங்கள், இறக்க ஓட்டத்தைப் பத்து நாள் நிறுத்துங்கள். அதோடு கல்சியத்தைக் கணக்கிடுங்கள்.

கீரை சாப்பிடுகிறேனே என்பார்கள். எந்தக் கீரை? பசளி, பீட்ரூட் இலை போன்றவற்றில் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒக்சலேட் அதிகம். தாளில் கல்சியம் நிறைய இருந்தாலும் உடம்புக்குச் சேர்வது சொற்பம். பாலிலிருந்து மூன்றிலொரு பங்கு அளவு சேரும் இடத்தில், ஸ்பினாச் வகைக் கீரையிலிருந்து நூற்றுக்கு 5 அளவுதான் சேரும். வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஒக்சலேட் குறையும். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலி, டின்மீன் முள், பால், தயிர் இவைதான் நம்பகமானவை. 200 மில்லிலீற்றர் பாலில் 240 மில்லிகிராம் அளவு. பதின்ம வயதில் நாளுக்கு 1,300 வேண்டும் என்பதால், ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துக் கொடுங்கள்; ஒரு தடவைக்கு 500க்கு மேல் போனால் சேரும் பங்கு குறையும். இரும்பு உள்ள வேளையோடு மோதாமல் படுக்கும் நேரமும் பின்னேரமும் வையுங்கள்.

விரல் நுனியால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி, இரவிலும் வலி என்றால் அழுத்த முறிவாக (ஓயாத உழைப்பால் எலும்பில் விழும் மெல்லிய வெடிப்பு) இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு வைத்தியரிடம் காட்டுங்கள். பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை, எலும்பும் வலிக்கிறது என்றால் சாப்பாடு மொத்தமாகக் குறைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை. பால் ஊற்றிச் சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. இதைப் பயிற்றுநர் மைதானத்தில் எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். டீச்சரோ தாயோ தனியாகக் கேட்கட்டும்.

## அறிகுறி 6: தசைப்பிடிப்பு

வாழைப்பழம் சாப்பிட்டால் போய்விடும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரமில்லை. பழகாத வேகம், களைப்பு இவைதான் அடிக்கடி காரணம். இழுத்துப் பிடித்து நீட்டிவிடுங்கள். குளிர் மலையில் பயிற்சி செய்துவிட்டுக் கொழும்பு வெயிலில் ஓடப் போகும் அணிக்கு மட்டும் உப்பு உண்மையான பிரச்சினை. முதல்நாள் இரவே சாப்பாட்டில் உப்பைக் குறைக்காமல், போட்டி நாளில் அறிகுறி 3இன் பானத்தைக் கொண்டுபோங்கள். பிடிப்போடு குழப்பமான பேச்சும் வாந்தியும் வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரால் உடம்பைக் குளிர்வித்தபடியே ஆம்புலன்சை அழையுங்கள்.

## அறிகுறி 7: அடிக்கடி தடிமன், வறண்ட தோல், அந்தியில் கண் மங்கல்

கரட் விளையும் ஊரில் இது வருவது விநோதம்தான். கரட்டைத் தண்ணீரில் அவித்து உப்புப் போட்டால், அதன் சத்து கொழுப்பில்லாமல் பெரும்பாலும் சேராமல் போய்விடும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். துருவி, எண்ணெயில் கடுகு தாளித்து வதக்குங்கள், அல்லது தேங்காய்ப்பாலில் சமையுங்கள். பச்சைக் கரட்டைக் கடிப்பதைவிட வெந்து நசிந்த கரட் நன்றாகச் சேரும். முருங்கைக் கீரை, வல்லாரைக்கும் தேங்காய்ப்பூ சேர்ப்பது இதனாலேயே பலன் தரும். உடல் மெலிய வேண்டும் என்று எண்ணெயே தொடாத பிள்ளைகளில் இந்தக் கோளாறை முதலில் தேடுங்கள்.

தடிமன் மட்டும் என்றால் தூக்கத்தையும், ஈர உடுப்போடு நிற்பதையும் பாருங்கள். அந்தியில் கண் தெரியவில்லை என்பது வேறு. அதற்குக் கண் கிளினிக் போக வேண்டும், கரட்டோடு காத்திருக்கக் கூடாது. அதிக அளவு விற்றமின் ஏ குளிசையைக் கடையில் வாங்கித் தானாகப் போடவும் வேண்டாம். அது ஈரலில் தேங்கும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து.